வாப்பாவின் கணக்குக் கொப்பி: ஈரல் நோயாளியின் சிந்தனைத் திறனை அளப்பது எப்படி?

எங்கள் புடைவைக் கடையில் கணக்குப் பிசகத் தொடங்கியபோது நாங்கள் யாரும் வாப்பாவின் ஈரலை நினைக்கவில்லை. கடைப் பையனைத்தான் நினைத்தோம். ஒரு நாள் 500 ரூபா குறைந்தது. இன்னொரு நாள் 1,200 ரூபா. வாப்பா நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்றாலும் மனக்கணக்கில் அவரை வெல்ல எங்கள் தெருவில் ஆளில்லை. வாப்பாவின் கணக்குப் பிழைக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் பாடமான விஷயம். அப்படியானால் லாச்சியில் கை வைத்தது யார்? நான்கு வருடமாகக் கடையில் நின்ற பையனை ஒரு வியாழக்கிழமை பின்னேரம் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்தான். "நான் எடுக்கல்ல சேர்" என்று ஒரு தரம் சொன்னான். பிறகு ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

ஐந்து மாதங்களின் பின் ஒரு டொக்டர் வாப்பாவின் கையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

நான் வைத்தியன் அல்லன். கணிதம் படிப்பிக்கும் ஆசிரியன். வாப்பாவின் வருத்தத்தோடு நடந்த மூன்று வருடத்தில் டொக்டர்மாரிடம் கேட்டதையும் தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பம் எங்களைப் போல ஆளைத் தவறாகப் பிடிக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

வயசு என்று சொன்னோம்

வாப்பாவுக்கு 67 வயது. இருபது வருடமாகச் சீனி வருத்தம். ஈரலில் கொழுப்புப் படிந்து, தழும்பேறி, 'சிரோசிஸ்' நிலைக்கு வந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஈரல் கெட்டது என்றவுடன் ஊர் என்ன நினைக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். "இவர் ஒளிச்சுக் குடிச்சாரோ?" என்ற கேள்வி நேரே வராது, பார்வையில் வரும். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் அந்தப் பார்வைக்குப் பயந்து கிளினிக் கொப்பியை உள்பைக்குள் மறைத்துக்கொண்டு போவார். உண்மையில் நம் நாட்டில் குடிக்காதவருக்கும் வரும் ஈரல் கொழுப்பு நோய் அரிதானதல்ல. ராகமைப் பகுதியில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, நடுத்தர வயதினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதைக் கண்டது. சீனி வருத்தமும் இடுப்புக் கொழுப்பும் அதன் நெருங்கிய கூட்டாளிகள்.

கடைக் கணக்கு மட்டும் பிசகவில்லை. பகலில் தூங்கி வழிவார். இரவில் கண் மூடமாட்டார். இஷாவின் நான்காவது ரக்அத்திலும் இருப்புக்கு வராமல் மீண்டும் எழும்பி நின்றதை உம்மா இரண்டு தரம் கண்டார். சட்டைப் பொத்தானைப் போட நேரமெடுத்தது. சின்ன விஷயத்துக்குச் சீறி விழுந்தார். அது அவர் குணமே அல்ல. இவை எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருந்த விளக்கம் ஒன்றே: "வயசு போகுதுதானே."

ஈரலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிடும் புரதம் குடலில் உடையும்போது அமோனியா என்ற நச்சுப் பொருள் உண்டாகிறது. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே உடம்பைச் சுற்றப் போவதில்லை. 'போர்டல்' நாளம் என்ற பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. ஈரல் அமோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழியும்படி செய்கிறது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கு சுங்கத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும் என்பதைப் போன்ற ஏற்பாடு இது.

ஈரல் தழும்பேறினால் இரண்டு விதத்தில் இந்த ஏற்பாடு குலைகிறது. சுத்திகரிக்கும் கலங்கள் குறைகின்றன. அதோடு, இறுகிய ஈரலுக்குள் நுழைய முடியாத இரத்தம் பக்கத்துச் சிறு நாளங்களை விரித்து, ஈரலைச் சுற்றிக்கொண்டு பொது ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. அமோனியா மூளையை எட்டுகிறது. அங்கே நரம்புக் கலங்களுக்குத் துணை நிற்கும் நட்சத்திர வடிவக் கலங்கள் அதை உள்வாங்கிக் குளூட்டமினாக மாற்றுகின்றன. அந்த வேலையில் அவை நீர் கோத்து வீங்குகின்றன. உடம்பில் அழற்சியோ கிருமித் தொற்றோ இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். சிந்தனை மந்தமாவதன் அடிப்படை இதுதான்.

இதை விலங்கில் காட்டியது பழைய கதை. 1893இல் ரஷ்யாவில் பவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் நாய்களின் போர்டல் நாளத்தை ஈரலுக்குப் போகவிடாமல் வேறு பெரிய நாளத்தோடு இணைத்தார்கள். அந்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை தடுமாறின, குணம் மாறின, மயங்கின. மணியோசையும் நாயின் எச்சிலும் பற்றிய பரிசோதனையால் நாம் அறிந்த அதே பவ்லோவ்தான். 1949இல் அமெரிக்காவில் அடம்ஸ், ஃபோலி என்ற இரு நரம்பியல் வைத்தியர்கள் ஈரல் நோயாளிகளின் கைகளில் ஒரு விசித்திரமான படபடப்பை விவரித்தார்கள். கைகளை முன்னே நீட்டி மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கிப் பிடிக்கச் சொன்னால், கை ஒரு கணம் பிடி தளர்ந்து விழுந்து, மறுகணம் எழும்பும். பறவை சிறகடிப்பது போலிருக்கும். இன்றைக்கும் வார்ட்டில் டொக்டர் "ஐயா, ரெண்டு கையையும் நீட்டிப் பிடிங்க" என்று சொல்வது இதைப் பார்க்கத்தான்.

படி படியாக வரும் மந்தம்

ஈரல்சார் மூளைப் பாதிப்பு என்ற இந்த நிலையைத் தரம் பிரிக்க 'வெஸ்ட் ஹேவன்' அளவுகோலை வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். முதலாம் தரத்தில் கவனம் சுருங்கும், தூக்கம் மாறும், கூட்டல் கழித்தலில் தடுமாற்றம் வரும். இரண்டாம் தரத்தில் சோம்பலும் நாள் கிழமை குழம்புவதும் கைப் படபடப்பும் வெளியே தெரியும். மூன்றாம் தரத்தில் ஆள் அரைத் தூக்கத்தில், இடமும் தெரியாமல் இருப்பார். நான்காம் தரம் முழு மயக்கம்.

இரண்டாம் தரமும் அதற்கு மேலும் வெளிப்படையானவை. யாரும் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் முதலாம் தரத்துக்கும் கீழே, கண்ணுக்கே தெரியாத ஒரு மிகக் குறைந்த நிலை இருக்கிறது. அதையும் முதலாம் தரத்தையும் சேர்த்து 'மறைந்த பாதிப்பு' என்கிறார்கள். 2014இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈரல் வைத்தியச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, சிரோசிஸ் நோயாளிகளில் 20 முதல் 80 வீதமானோருக்கு இந்த மறைந்த நிலை ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கலாம் என்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளி ஏன்? எந்தச் சோதனையால், எப்படிப்பட்ட நோயாளிகளை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. அளக்காவிட்டால் ஒருவரும் அகப்படமாட்டார்.

பேச்சில் ஏன் பிடிபடவில்லை?

கிளினிக்கில் டொக்டர் முதலில் வழமையான கேள்விகளைக் கேட்டார். இன்று என்ன கிழமை, என்ன மாதம், நீங்கள் எந்த ஊர்? வாப்பா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். ஆங்கில மாதத்தோடு ரபீஉனில் அவ்வல் பிறை எத்தனை என்பதையும் சேர்த்துச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் கழித்துக் கேட்டபோதும் மூன்றையும் திருப்பிச் சொன்னார். அப்படியென்றால் மூளைக்கு ஒன்றுமில்லை என்றுதானே நினைப்போம்?

டொக்டர் அப்படி நினைக்கவில்லை. அவர் சொன்னதன் சுருக்கம் இது. அல்சைமர் போன்ற மறதி நோயில் முதலில் அடிபடுவது புதிதாக நடந்ததைச் சேமித்து வைக்கும் திறன். அவ்வகை நோய்களைத் தேடுவதற்காக 1975இல் வந்த சிறு மனநிலைப் பரிசோதனை போன்றவை நாள், இடம், ஞாபகம், மொழி ஆகியவற்றையே அதிகம் கேட்கும். ஈரல் நோயில் முதலில் அடிபடுவது வேறு. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, கண்ணும் கையும் சேர்ந்து வேகமாக வேலை செய்வது, அவசரப்படாமல் தன்னைக் கட்டுப்படுத்துவது. இவை பேச்சில் தெரியாது. சலாம் சொல்வதும் சுகம் விசாரிப்பதும் பழைய கதை சொல்வதும் ஆயுள் முழுக்கப் பழகிய பாதை. மந்தமான மூளையும் அதில் தடுக்காமல் நடந்துவிடும். கடையில் நாலு வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் நிற்கும்போது, ஒருவருக்குத் துணி அளந்து, இன்னொருவருக்கு மிச்சக்காசு எண்ணிக் கொடுக்கும் இடத்தில்தான் அது தடுக்கும்.

பென்சில், தாள், மணிக்கூடு

டொக்டர் ஒரு தாளை மேசையில் வைத்தார். 1 முதல் 25 வரை இலக்கங்கள் வட்டங்களுக்குள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. "ஐயா, ஒண்டிலிருந்து ரெண்டு, ரெண்டிலிருந்து மூண்டு, இப்பிடிக் கோடு போட்டுக்கொண்டு கெதியா வாங்க. பென்சிலை எடுக்கக் கூடாது."

வாப்பா சிரித்தார். "இது சின்னப்புள்ளட விளையாட்டு மகள்."

ஏழு வரை சறுக்காமல் போனார். எட்டைத் தேடும்போது பென்சில் நின்றது. எட்டு அவருடைய விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் வாய் திறக்கப் பார்த்தேன். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பதினான்கிலிருந்து பதினாறுக்குப் பாய்ந்தார், திருத்தப்பட்டார், மறுபடி தேடினார். முடிக்க 118 விநாடி எடுத்தது. வாப்பாவின் நெற்றியில் வியர்வை. தாளைப் பார்த்தபடியே, "கண்ணாடிய மாத்தோணும் போல" என்றார். இலக்கங்களோடு ஆயுளைக் கழித்த மனிதர் இலக்கத்தைத் தேடி நின்றதை அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

இது இலக்க இணைப்புச் சோதனை. ஜெர்மனியில் உருவாகி, இன்று பல நாடுகளில் இந்தத் துறையின் முதன்மைக் கருவியாக இருக்கும் 'பி.எச்.இ.எஸ்.' என்ற தொகுப்பின் ஓர் உறுப்பு. அந்தத் தொகுப்பில் ஐந்து தாள் வேலைகள் உண்டு. முதலாவது, நாம் மேலே பார்த்த இலக்க இணைப்பு. இரண்டாவது, இலக்கத்தையும் எழுத்தையும் மாறி மாறி இணைப்பது. மூன்றாவது, ஒவ்வோர் இலக்கத்துக்கும் தரப்பட்ட குறியீட்டைக் குறித்த நேரத்துக்குள் எத்தனை கட்டங்களில் எழுத முடிகிறது என்பது. நான்காவது, வரிசையாக உள்ள வட்டங்களின் நடுவில் புள்ளி வைப்பது. ஐந்தாவது, வளைந்து செல்லும் இரட்டைக் கோட்டின் நடுவே கோடு இழுப்பது. இதில் எடுத்த நேரமும் ஓரத்தைத் தொட்ட பிழையும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஆக ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றும் அதே வயதும் படிப்பும் உள்ள சுகதேகிகளின் சராசரியோடு ஒப்பிடப்பட்டு +1 முதல் −3 வரை பெறும். மொத்தம் +6 முதல் −18 வரை. −4 என்ற அளவையொட்டிக் கீழே இறங்கினால் பாதிப்பு இருப்பதாகக் கொள்வது பொதுவான வழக்கம்.

தாளும் பென்சிலும் இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று எண்ணுவதுதான் அது. 2017இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைச் சிரோசிஸ் நோயாளிகளில் பரிசோதித்து, 10க்குக் குறைவு, 10 முதல் 15 வரை, 15க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். வாப்பா மாடு, ஆடு, கோழி என்று ஆரம்பித்து, மறுபடி மாட்டுக்கே வந்து, மொத்தம் 11 சொன்னார். விலங்கு யாருக்குத்தான் தெரியாது? இங்கே சோதிக்கப்படுவது தெரிந்ததை ஒழுங்காகத் தேடி, சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் எடுத்துத் தரும் திறன்.

வசதியுள்ள இடங்களில் இன்னும் சில முறைகள் உண்டு. துடிக்கும் ஒளி எந்த வேகத்தில் தனித்தனித் துடிப்பாகத் தெரிகிறது என்று அளப்பது ஒன்று. மூளையின் மின்னலைகளைப் பதிவது ஒன்று. நிறத்தின் பெயரை வேறு நிறத்தில் எழுதிக் காட்டி, எழுத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் தொடச் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலியும் வந்திருக்கிறது.

படிப்பையும் மொழியையும் மறக்கக் கூடாது

ஓர் ஆசிரியனாக எனக்கு முதலில் எழுந்த சந்தேகம் இது: ஐந்தாம் வகுப்புப் படித்தவரையும் பல்கலைக்கழகம் போனவரையும் ஒரே தாளில் எப்படி அளப்பது? பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடித்துப் பழகாத கை மெதுவாகத்தான் போகும். அது நோய் ஆகாது. இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் இதை நன்கு அறிவார்கள். அதனால்தான் ஸ்பெயின், இத்தாலி, இந்தியா என்று ஒவ்வொரு நாடும் தன் மக்களிடையே சுகதேகிகளை வயது, படிப்பு வாரியாக அளந்து தனித்தனி அட்டவணை தயாரித்தது. விலங்குப் பெயர்ச் சோதனையிலும் எட்டு வருடத்துக்குக் குறைவாகப் படித்தவர்களுக்குத் தனித் திருத்தம் உண்டு. வாப்பாவின் 11ஐப் பார்த்தவுடன் டொக்டர் முடிவு சொல்லாததற்குக் காரணமும் அதுதான்.

இலக்கமும் எழுத்தும் மாறி மாறி வரும் தாள் இன்னும் சிக்கலானது. ஆங்கிலத்தில் ஏ, பி, சி என்று வரிசை ஓடும். நம்மில் பலர் அ, ஆ, இ, ஈயை வரிசையாகச் சொல்லிப் பழகியது சின்ன வயதில். பிறகு அந்த வரிசைக்கு வேலையே இல்லை. என் வாப்பும்மா போன்றவர்கள் குர்ஆனும் அரபுத் தமிழ்க் கிதாபுகளும் சரளமாக ஓதுவார்கள். தமிழ் எழுத்துப் பலகையைப் படிக்கத் தெரியாது. அப்படி ஒருவரிடம் எழுத்து இணைப்புத் தாளைக் கொடுத்தால் அது அவருடைய ஈரலை அளக்காது. அவர் எந்தப் பள்ளியில் ஓதினார் என்பதை அளக்கும். இந்தக் குறையை உணர்ந்து, 1995இல் இந்திய வைத்தியர்கள் இலக்கத்துக்குப் பதிலாக உருவங்களை இணைக்கும் சோதனையை முன்வைத்தார்கள். எழுத்தறிவு இல்லாதவரையும் அளக்க முடியும் என்பது அதன் பயன். நம் நாட்டுக் கிளினிக்குகளில் தமிழிலும் சிங்களத்திலும் நம் மக்களின் சொந்த அட்டவணையோடு இவை பரவலாகக் கிடைக்க வேண்டும். உளவியலும் மருத்துவமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே தாளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஆள் தாளைப் பாடமாக்கிவிடுவார். அதனால் இலக்கங்கள் வேறு இடங்களில் உள்ள மாற்றுத் தாள்கள் வைத்திருப்பார்கள். வீட்டில் பயிற்சி கொடுத்து நோயாளியைச் 'சித்தியடைய' வைப்பது அவருக்கு நாம் செய்யும் தீங்கு. இது சோதனையே தவிர பரீட்சை அல்ல என்பதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இரத்தத்தைப் பார்த்தால் போதாதா?

"அமோனியாதானே காரணம், அதை அளந்தால் முடிந்ததே" என்று நானும் கேட்டேன். இரத்தத்தில் அமோனியா கூடியிருப்பது மட்டும் நோயை உறுதிப்படுத்தாது. பாதிப்பின் தரத்தையும் சொல்லாது. அளவு கூடியிருந்தும் தெளிவாக இருப்பவர் உண்டு. ஆனால் குழம்பிய ஒருவரின் அமோனியா சாதாரண அளவில் இருந்தால், காரணம் வேறு ஏதோ என்று டொக்டர் யோசிக்க வேண்டும். அங்கேதான் அதன் பயன் பெரிது. எடுத்த இரத்தத்தை ஐஸில் வைத்து உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்பாவிட்டால் அளவு பொய்யாக ஏறியும் காட்டும்.

வேறு காரணங்கள் பல. இரத்தத்தில் சீனி இறங்குவது, உப்புச் சத்தான சோடியம் குறைவது, விழுந்து தலைக்குள் இரத்தம் கசிவது, மனச்சோர்வு, உண்மையான மறதி நோய். இவற்றை விலக்காமல் ஈரலின் தலையில் போடக் கூடாது. மறதி நோயோடு ஒப்பிட ஓர் எளிய அடையாளம் உண்டு: ஈரல்சார் மந்தம் ஏறி இறங்கும். இன்று நல்லாயிருப்பார், நாளைக்குக் குழம்புவார். மறதி நோய் அப்படி மீள்வது அரிது.

ஏறுவதற்கும் காரணம் இருக்கும். மலச்சிக்கல், கிருமித் தொற்று, குடலில் இரத்தக் கசிவு, நீர் போக்கும் மாத்திரையால் உடம்பு வறள்வது, தூக்க மாத்திரை. வாப்பாவின் மாத்திரைப் பையை டொக்டர் மேசையில் கொட்டச் சொன்னார். இரவில் தூக்கமில்லை என்று வேறோர் இடத்தில் வாங்கிய தூக்க மாத்திரை அதில் இருந்தது. தூக்கம் கெட்டதே இந்த நோயின் அடையாளம். அதற்கு எடுத்த மருந்து நோயைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதோடு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வயிறு போவது என்பதை வாப்பா அதுவரை எவரிடமும் சொல்லவில்லை. வெட்கம்.

மருந்தும் சாப்பாடும்

தூக்க மாத்திரை நிறுத்தப்பட்டது. லக்டுலோஸ் என்ற இனிப்புப் பாணி கொடுத்தார்கள். இது உடம்பில் ஏறாத ஒரு சர்க்கரை. குடலை அமிலமாக்கி அமோனியாவை அங்கேயே பிடித்து வெளியேற்றுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளகலாகப் போக வேண்டும் என்பதே அளவு. அதற்கு மேல் போனால் உடம்பு வறண்டு எதிர்மறையாகிவிடும். அது போதாதவர்களுக்கு ரிஃபக்ஸிமின் என்ற மாத்திரை சேர்க்கப்படும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 299 நோயாளிகளை ஆறு மாதம் கவனித்தபோது, அந்த மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 22 வீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் சுமார் 46 வீதத்தினருக்கும் மூளைப் பாதிப்புத் திரும்பியது.

சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் பெரிய பிழை விட்டிருந்தோம். யாரோ சொன்னதைக் கேட்டு இறைச்சி, மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியில் வைத்திருந்தோம். பவ்லோவின் நாய்க் கதையை நினைத்தால் அது சரி போலத் தோன்றும். பல காலம் வைத்தியர்களும் அப்படியே சொன்னார்கள். ஆனால் புரதம் குறைந்தால் தசை உருகும். அமோனியாவைக் கழிப்பதில் தசைக்கும் பங்குண்டு. இப்போதைய வழிகாட்டிகள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுக்கச் சொல்கின்றன. பருப்பு, தயிர், பால் நன்றாக ஒத்துப்போகும். நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது. படுக்கப் போகுமுன் ஒரு சிறு சாப்பாடு வேண்டும். ஆகவே நோன்பு பிடிப்பதா இல்லையா என்பதை ஈரல் டொக்டரிடம் கேட்காமல் வீட்டில் தீர்மானிக்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இப்படிப்பட்டவருக்குத்தான்.

ஆறு வாரத்துக்குப் பின் மாற்றுத் தாள் ஒன்றில் வாப்பா இலக்கங்களை 64 விநாடியில் இணைத்தார். விலங்குகள் 17. "இப்ப கண்ணாடி சரியா ஐயா?" என்று டொக்டர் கேட்டார். கண்ணாடியை நாங்கள் மாற்றியிருக்கவில்லை.

கொப்பி சொன்ன சாட்சி

அன்றிரவு கடைக் கணக்குக் கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். முந்தைய வருடத்து எழுத்து நேராக, அழுத்தமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் கோட்டை விட்டு இறங்குகிறது. இலக்கங்கள் இடம் மாறுகின்றன. 450 என்பது 540 ஆகிறது. ஈரல் நோயாளியை நாளாந்தம் கையெழுத்துப் போடவைத்தும் நட்சத்திரம் வரையவைத்தும் மாற்றத்தைக் கவனிப்பது பழைய வார்ட் முறை என்று பிறகு வாசித்தேன். எங்கள் கொப்பி அந்த வேலையைத் தானாகவே செய்து வைத்திருந்தது.

அதைவிட என்னைச் சுட்டது வேறு விஷயம். குறைந்த நாட்களை மட்டும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கூடிய நாட்களும் இருந்தன. ஒரு நாள் 300 ரூபா கூடியிருக்கிறது. இன்னொரு நாள் 750. களவெடுப்பவனுடைய கணக்கு ஒரு பக்கம்தான் சாயும். களைத்த மூளையின் கணக்குத்தான் இரண்டு பக்கமும் சாயும். கணிதம் படிப்பிக்கும் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் வேறு கடையில் சேர்ந்திருந்தான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய உம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "புள்ள அஞ்சு மாசமாப் பள்ளிக்கும் ஒழுங்காப் போகல்ல தம்பி, ஆக்கள் பார்க்கிற பார்வையில" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா பள்ளி வாசலிலேயே, ஆட்கள் பார்த்திருக்க, அவன் கையைப் பிடித்து, "பிழை என்ட கணக்குல மகன், உன்ட கையில இல்ல" என்றார். அவன் எங்கள் கடைக்குத் திரும்பி வரவில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை.

குடும்பத்தவர் கவனிக்க வேண்டியவை

சிரோசிஸ் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் தூக்கம், கையெழுத்து, காசு எண்ணுவது, பொத்தான் போடுவது, குணம், விழுவது ஆகியவற்றில் மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள். திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள். நோயாளியிடம் கேட்டால் "எனக்கு ஒண்டுமில்ல" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தன் மந்தத்தைத் தானே உணராதது இந்த நோயின் ஒரு பகுதி. ஆள் ஒரேயடியாகக் குழம்பினால், எழுப்ப முடியாமல் தூங்கினால், கறுப்பாக மலம் போனால் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மறைந்த பாதிப்பு உள்ளவர்கள் வாகனம் ஓட்டும்போது எதிர்பாராததைச் சமாளிக்கும் வேகம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மோட்டார் சைக்கிள் சாவியைப் பற்றி டொக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். காணி உறுதி, ஹிபா, வஸிய்யத் போன்றவற்றில் கையெழுத்து வாங்குமுன்னும் நின்று யோசியுங்கள். ஏறி இறங்கும் நோய் என்பதால் இன்று விளங்கிக் கையெழுத்திடும் நிலையில் இருப்பவர் போன கிழமை அப்படி இல்லாதிருந்திருக்கலாம். டொக்டரின் கருத்தை எடுத்து, தெளிவான நாளில், நொத்தாரிசு முன்னிலையில் செய்வது நோயாளிக்கும் வாரிசுகளுக்கும் பாதுகாப்பு. அதேவேளை ஒரு தாளில் மெதுவாகக் கோடு போட்டார் என்பதற்காக ஒருவரைப் 'புத்தி பேதலித்தவர்' என்று ஒதுக்கி, அவருடைய உரிமையைப் பறிக்கவும் கூடாது. இந்தச் சோதனை ஆளுக்குச் சிகிச்சை கொடுக்கத்தான்.

வாப்பா இப்போதும் காலையில் இரண்டு மணித்தியாலம் கடைக்குப் போகிறார். லாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்குலேட்டர் இருக்கிறது. முதலில் அதைத் தொட மறுத்தார். இப்போது மனதில் ஒரு தரம் கூட்டி, பிறகு அதில் ஒரு தரம் அழுத்திப் பார்க்கிறார். இரண்டும் ஒத்து வராத நாளில் எனக்குக் கோல் எடுப்பார். "மகன், இண்டைக்குக் கணக்குச் சரியில்ல. டொக்டர் மகளுக்குச் சொல்லோணும் போல."

லாச்சியைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. வயிறு போனதா, மருந்து குடித்தாரா என்று உம்மாவிடம் கேட்கிறேன்.